சர்க்கரைக் கணக்கு – 14: ரேஷன் புத்தகத்துப் பிள்ளைகள்

எச்பிஏ1சி பரிசோதனையோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த வாரம் கேழ்வரகு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது ஒரு வாரம் பொறுக்க வேண்டும். சர்க்கரை நோய் உண்மையில் எந்த நாளில் தொடங்குகிறது என்ற கேள்வியை முதல் அத்தியாயத்திலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறோம். நான் படித்தவற்றிலேயே தெளிவான பதில் ஒரு பழைய ரேஷன் கணக்குக்குள் இருந்து வந்திருக்கிறது. அதை இப்போதே சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனில் 1940 ஜனவரி 8 அன்று பேக்கன் என்ற பதப்படுத்திய பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் ரேஷனுக்குள் வந்தன. சர்க்கரையில் பெரும்பகுதி கப்பலில் வர வேண்டும். கடலிலோ ஜெர்மன் நீர்மூழ்கிகள். போர்க்காலத்தின் பெரும்பகுதியில் ஓர் ஆளுக்கு வாரம் 8 அவுன்ஸ், அதாவது 225 கிராமுக்குக் கொஞ்சம் கூட. 1942 ஜூலையில் மிட்டாயும் சாக்லேட்டும் கூப்பனுக்குள் போயின. போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. 1949 ஏப்ரலில் மிட்டாயை மட்டும் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். கடைகள் துடைத்துவிட்டாற்போல் காலியாகி, நான்கே மாதத்தில் மறுபடியும் கூப்பன் வந்துவிட்டது.

கடைசியில் 1953 பிப்ரவரி 5 அன்று மிட்டாய்க்கு விடுதலை. அந்த ஒரு நாளைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. பிள்ளைகள் உண்டியலை உடைத்துச் சில்லறையோடு கடைக்கு ஓடினார்கள். பாகில் தோய்த்துக் குச்சியில் குத்திய ஆப்பிள்தான் அதிகம் விற்றதாம். லண்டன் கிளாபம் பகுதியில் ஒரு நிறுவனம் மதிய இடைவேளையில் 800 பள்ளிப் பிள்ளைகளுக்கு 150 பவுண்டு எடை லாலிபாப்பை இலவசமாகவே கொடுத்தது. வரிசையில் நின்ற பத்து வயதுப் பிள்ளைக்குக் கூப்பன் இல்லாமல் மிட்டாய் வாங்கிய நினைவென்று இருந்தால், அது 1949-ன் அந்த நான்கு மாதம்தான். 1953 செப்டம்பரில் சர்க்கரைக்கும் கட்டுப்பாடு நீங்கியது.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். நாளுக்குச் சராசரியாக 41 கிராமாக இருந்த சர்க்கரை, சீக்கிரமே 80 கிராம் அளவுக்கு ஏறிவிட்டது. மற்ற உணவுகள் இப்படித் தாவவில்லை. ஒரு நாடு முழுவதும், கிட்டத்தட்ட ஒரே தேதியில், சர்க்கரை மட்டும் இரட்டித்தது. இப்படியொரு சோதனையை எந்த மருத்துவரும் நடத்த முடியாது. கர்ப்பிணிகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு இனிப்பை அள்ளிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு அறுபது வயதாகும் வரை காத்திருக்க யார் அனுமதிப்பார்கள்?

தடேயா கிராச்னர், கிளேர் பூன், பால் கெர்ட்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டார்கள். யூகே பயோபேங்க் என்ற பெரிய உடல்நலத் தரவுத் தொகுப்பிலிருந்து, 1951 அக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த சுமார் 60,000 பேரை எடுத்தார்கள். ரேஷன் இருக்கும்போது கருவில் உருவாகி வளர்ந்தவர்கள் ஒரு பக்கம், ரேஷன் போனபின் உருவானவர்கள் மறுபக்கம். 2024 அக்டோபர் இறுதியில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. கருவிலும் பிறந்த முதல் ஓரிரு ஆண்டுகளிலும் சர்க்கரை குறைவாகக் கிடைத்தவர்களுக்கு, நடுவயதுக்குப் பின் இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 35% குறைவு. ரத்த அழுத்த அபாயம் சுமார் 20% குறைவு. நோய் வந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் சுமார் நான்கு ஆண்டு, ரத்த அழுத்தம் சுமார் இரண்டு ஆண்டு தள்ளித்தான் வந்தது. இந்தப் பாதுகாப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கருவில் இருந்தபோதே கிடைத்துவிட்டது.

பயோபேங்கில் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள், சராசரி ஆளைவிட ஆரோக்கியமானவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் என்னை அசைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தாய்மார்கள் யாரும் சர்க்கரையை விரதமாக விடவில்லை. அவர்களுக்கு யாரும் புத்திமதி சொல்லவில்லை. கடையில் கிடைத்தது அவ்வளவுதான். தனி மனிதரின் நாக்குக் கட்டுப்பாட்டையே நாம் எப்போதும் குறை சொல்கிறோம். இங்கே வேலை செய்தது கடைச் சரக்கின் அளவு. கர்ப்பிணியின் தட்டைப் பார்த்துக் கண்டிப்பவர்கள் தெருமுனை பேக்கரியையும் இரண்டு ரூபாய் மிட்டாய்ச் சரத்தையும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தாய் தின்னும் சர்க்கரை கருவுக்கு எப்படி எட்டுகிறது? தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வருகிற குளுக்கோஸைச் சமாளிக்கும் வேலை பிள்ளையின் கணையத்தின் தலையில் விழுகிறது. அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் செய்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வருமுன் பிறந்தவர், மற்றவர் வந்தபின் பிறந்தவர். பின்னால் பிறந்தவருக்கு நோய் அபாயம் பல மடங்கு கூடுதல். அப்பாவுக்கு நோய் வருமுன், வந்தபின் என்று பிரித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு இல்லை. பரம்பரை மட்டும் காரணமென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

கர்ப்பிணியான உறவுக்காரப் பெண்ணுடன் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தபோது இதன் மறுமுனையைப் பார்த்தேன். செவிலியர் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து நீட்டினார். அவள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாருக்குப் பதற்றம்.

“சாப்பிட்டுட்டு வந்துட்டாளே, டெஸ்ட்டு தப்பாயிடாதா?”

“பரவாயில்லம்மா, சாப்பிட்டு வந்தாலும் பார்க்கலாம்.”

“எங்க வம்சத்துல யாருக்கும் சுகர் கிடையாதும்மா.”

“பொறக்கப்போற பிள்ளைக்கும் வரக் கூடாதுன்னுதாம்மா பார்க்கறோம்.”

இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறு தேவையில்லை என்ற இந்த முறைக்காகப் பல காலம் வாதாடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. பஸ் பிடித்து வருகிற கர்ப்பிணியைப் பட்டினியோடு வா, மறுபடியும் நாளைக்கு வா என்றால் அவள் வரமாட்டாள் என்று அறிந்தவர் அவர். மாமியாருக்கு அந்தச் செவிலியர் சொன்ன ஒரு வரிப் பதிலில், நான் இவ்வளவு நேரம் எழுதியது முழுவதும் இருந்தது.

பிறந்தபின் என்ன என்பதற்கு இடம் குறைவு. சேனை வைக்கிறேன் என்று பெரியவர்கள் பச்சைப் பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதை நிறுத்தலாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தும்கூட. ஆறு மாதத்தில் சோறு ஊட்டும்போது பருப்புச் சோற்றுக்குச் சர்க்கரை வேண்டாம், பாலுக்கும் வேண்டாம். கடையில் வாங்கும் மாவு டப்பாவின் பின்பக்கம் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு வயதுக்குக் கீழே சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்பதுதான் அமெரிக்க அரசின் 2020–25 உணவு வழிகாட்டி சொன்னதும்.

கேழ்வரகுக்கு வருவோம். கூழாகக் குடித்தால் ஒரு மாதிரி, களியாகத் தின்றால் ஒரு மாதிரி, பாக்கெட் சேமியாவாக வந்தால் இன்னொரு மாதிரி ரத்தச் சர்க்கரை ஏறுவது ஏன்? அடுத்த வாரம் அதுதான்.