மண்ணுக்குள் பூட்டிய கோடை

மார்கழி விடியலில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வெட்டுக் கிணற்றில் குளித்தவர்களுக்குத் தெரியும்: மலைக்காற்று உடம்பைத் துளைக்கும், தண்ணீரோ வெதுவெதுவென்று இருக்கும். அதே கிணறு சித்திரையில் சில்லென்றிருக்கும். மாறுவது பெரும்பாலும் வெளிக்காற்றுதான். சில மீட்டருக்குக் கீழே மண்ணின் சூடு ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். மேலே அடிக்கும் வெயில் அங்கே இறங்கவே மாதக்கணக்காகும்.

மண்ணின் இந்த நிதானத்தை நம்பி ஒரு குடியிருப்பையே கட்டினார்கள் கனடாவில். கால்கரிக்குத் தெற்கே ஒகோடோக்ஸ் ஊரில், 2007-ல் தொடங்கிய ‘டிரேக் லேண்டிங்’. 52 வீடுகள். கார் ஷெட் கூரைகளில் சுமார் 800 சோலார் தகடுகள். மின்சாரத்துக்கு அல்ல, சூட்டைப் பிடிக்க. பக்கத்தில் 37 மீட்டர் ஆழத்தில் 144 போர். தண்ணீருக்காகப் போட்டவை அல்ல. ஒவ்வொன்றிலும் இறங்கி வளைந்து மேலேறும் பிளாஸ்டிக் குழாய். கோடையில் வெந்நீர் நடுப் போர்களில் நுழைந்து ஓரத்துக்கு ஓடும். குளிர்காலத்தில் ஓரத்தில் நுழைந்து நடுவுக்கு வந்து, சூட்டை அள்ளிக்கொண்டு வீடுகளுக்குப் போகும். கோடை முடிவில் நடுமண் 80 டிகிரியைத் தொடும்.

முதல் வருஷமே முழுப்பலன் கிடைக்கவில்லை. மண் சூடேறவே சில கோடைகள் பிடித்தன. 2015-16 குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் வேலை முழுவதையும் சூரியனே பார்த்துக்கொண்டது. கருவிகள் பழசாகிப் போக, 2024-ல் மூடும் முடிவு வந்தது. வருத்தம்தான். ஆனால் அங்கே தோற்றது மண் அல்ல. ஒற்றை வீட்டுக்கு ஒரு போர் என்றால் சூடு பக்கவாட்டில் கசிந்தே தீர்ந்திருக்கும். 52 வீட்டார் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொண்டதால்தான் சூடு தங்கியது.

நமக்குச் சேமிக்கச் சூடு வேண்டாம், குளிர்ச்சிதான் வேண்டும். குருகிராம் அருகே குவால் பஹாரியில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி மையம் அதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 4 மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாய் வழியே அறைகளுக்குக் காற்று வருகிறது. கோடையில் குளிர்ந்து, குளிரில் வெதுவெதுப்பாகி.

பாப்பிரெட்டிப்பட்டியிலும் இது நடக்கும் என்றே நம்புகிறேன். பாறை தட்டும் இடங்களில் தோண்டும் செலவு ஏறும்; மழை மாதங்களில் குழாய்க்குள் ஈரம் வியர்க்கும், அது வடியச் சரிவு வைக்க வேண்டும். கட்டி முடித்த கட்டடத்துக்கு இது கட்டுப்படியாகாது. புதிதாக எழும் பள்ளிக்கோ மாணவர் விடுதிக்கோ, அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வந்து நிற்கும்போதே குழாயையும் பதித்துவிட வேண்டும். அதற்கு டெண்டர் எழுதும்போதே இந்த வேலையைச் சேர்க்க வேண்டும்.