எல்லைக் கல்லோடு நிற்கும் ரோடு!

பொங்கல், தீபாவளி என்று பஸ் ஏறி சொந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக் கொள்ளுங்கள். வழவழவென்று போய்க்கொண்டிருக்கும் பஸ், திடீரென்று 'தடக்... தடக்' என்று உங்கள் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பிக்கும். அந்த நிமிஷம் கண்ணைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் 'நன்றி! மீண்டும் வருக' போர்டு ஒன்று பின்னால் போய்க்கொண்டிருக்கும். ஒரு ஊராட்சி முடிந்து அடுத்த ஊராட்சி ஆரம்பம்!

குப்பைக்கும் இதே கதைதான். நம் ஊர்க் குப்பையை எங்கே கொட்டுவோம்? ஊர் எல்லையில். பக்கத்து ஊர்க்காரர்? அவரும் அவர் ஊர் எல்லையில்தான். இரண்டு பேரும் மனமுவந்து சேர்ந்து வளர்த்த ஒரே பொதுச் சொத்து அந்தக் குப்பை மேடு!

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை ஸார். ஒவ்வொரு தலைவரும் அவரவர் எல்லைக்குள் ஒழுங்காகவே வேலை பார்த்திருக்கலாம். சிக்கல் எல்லைக் கல்லில் இருக்கிறது.

ரோட்டுக்கும் இனிஷியல் உண்டு!

நாம் பார்ப்பது ஒரே தார் ரோடு. ஆனால் ரெக்கார்டில் ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு இனிஷியல் இருக்கிறது. தெரு ரோடு ஊராட்சிக்கு. ஊருக்கு ஊர் இணைக்கும் பல ரோடுகள் ஊராட்சி ஒன்றியத்துக்கு. மாவட்டச் சாலையும் மாநில நெடுஞ்சாலையும் நெடுஞ்சாலைத் துறைக்கு. பஞ்சாயத்து ஆபீஸில் போய்ப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னால், "அது யூனியன் ரோடுங்க" என்பார்கள். யூனியன் ஆபீஸில் கேட்டால், "ஹைவேஸ்ல கேளுங்க தம்பி!" பள்ளத்துக்கு மட்டும் இனிஷியல் கிடையாது. யார் விழுந்தாலும் ஏற்றுக் கொள்ளும்.

ஒரு காலத்தில் தலைவர்கள் ஒன்றாக உட்கார ஒரு மேஜை இருந்தது. 1958-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டப்படி, ஒன்றியத்தில் உள்ள பஞ்சாயத்துத் தலைவர்கள் எல்லோரும் ஒன்றியக் கவுன்சிலில் உறுப்பினர்கள். சண்டையோ சமாதானமோ, ஒரே ரூமில். அப்புறம் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்தது. அதையொட்டி 1994-ல் தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிச் சட்டம். ஒன்றியக் கவுன்சிலரை மக்களே தனியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனநாயகத்துக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பி.காம். படித்த புத்தி, எதிர்ப்பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. பக்கத்து ஊர்த் தலைவர்கள் தானாகச் சந்திக்கும் மேஜை போய்விட்டது. இனி அவர்களாகப் பேசினால்தான் உண்டு.

அரசியல் சட்டம் இதற்கும் வழி செய்திருக்கிறது. ஊராட்சி, நகராட்சி எல்லாவற்றின் திட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று. அதில் ஐந்தில் நாலு பங்குப் பேராவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். கலெக்டர் துணைத் தலைவர். எத்தனை பேருக்கு இது தெரியும்? டீக்கடையில் கேட்டால், "அப்படி ஒரு குழுவா? எந்தக் கட்சி?" என்பார்கள்.

காற்றுக்கு ஏது எல்லை?

பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை சாட்சி. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்டியே கஜானா கரைகிற கவலை எல்லாப் பஞ்சாயத்துக்கும் உண்டு. ஓடந்துறைக்காரர்கள் 2006-ல் சொந்தமாக ஒரு காற்றாலையே நிறுவினார்கள். 350 கிலோவாட். விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் பஞ்சாயத்தின் சேமிப்பு, மீதி 1 கோடியே 15 லட்சம் பேங்க் கடன்.

பஞ்சாயத்துக்கு சேமிப்பா என்று ஆச்சரியப்படாதீர்கள். அதைவிட ஆச்சரியம், அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை! காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் நிற்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் போய்ச் சேர்கிறது. இங்கே ஊரில் எரிவது கணக்கில் கழிகிறது. மீதியை வாரியம் விலைக்கு வாங்கிக் கொள்ளும். கடன் தவணைக்கு அந்தப் பணம். ஆண்டுக்குச் சுமார் ஆறே முக்கால் லட்சம் யூனிட் வரவு, நாலரை லட்சம் யூனிட் செலவு என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். வரவு செலவு இப்படி இருந்தால் எந்த ஆடிட்டரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்ப்பார்!

எங்கள் கரண்ட் எங்கள் எல்லைக்குள்தான் உற்பத்தியாக வேண்டும் என்று அடம் பிடித்திருந்தால் இது நடந்திருக்குமா?

அடுத்து, சென்னைக்குப் பக்கத்தில் குத்தம்பாக்கம். கெமிக்கல் இன்ஜினீயரான இளங்கோ 1996-ல் அங்கே பஞ்சாயத்துத் தலைவரானார். அவர் வைத்த யோசனை நம் காமர்ஸ் மூளைக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கிராமம் தனியாகத் தன்னிறைவு அடைய முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் இருபது போலச் சேர்ந்தால் முடியும். ஒரு ஊரில் எண்ணெய் ஆட்டட்டும், இன்னொரு ஊரில் அரிசி அரைக்கட்டும், மற்றொன்றில் சோப்புப் போடட்டும். தங்களுக்குள்ளேயே வாங்கி விற்கட்டும். பணம் ஊரைச் சுற்றிச் சுற்றி வரும், டவுனுக்கு ஓடிப் போகாது. பாடப்புத்தகத்தில் 'வர்த்தகம்' என்று மூன்று வருஷம் படித்ததை இரண்டே வரியில் சொல்லிவிட்டார் மனிதர்.

குடம் நிறைய வேண்டுமா?

தண்ணீர் விஷயத்தில் சேராமல் தீராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. குடிக்கிற பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பையே வளைக்கும். ஒரு தலைவர் இன்னும் நூறு அடி ஆழமாக போர் போட்டு இதைத் தீர்க்க முடியாது. ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து எடுத்துத்தான் தர வேண்டும். சுமார் 1,928 கோடி ரூபாயில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. நகராட்சிகள், பேரூராட்சிகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமக் குடியிருப்புகளுக்கான திட்டம்.

பெரிய குழாயைக் குடிநீர் வாரியம் போடும். ஆனால் ஊர்த் தொட்டியைக் கழுவுவது, தெருக்குழாயில் தண்ணீர் விடுவது, உடைப்பை அடைப்பது எல்லாம் ஊர்ப் பொறுப்பு. கூட்டுத் திட்டத்தில் மேல் ஊர்க்காரர் வால்வை இஷ்டத்துக்குத் திறந்தால், கடைசி ஊர்க் குழாயில் காற்றுதான் வரும். அங்கே காற்றாலை வைத்தாலும் சுற்றாது! ஆகவே தலைவர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் போனில் வைத்திருந்தாக வேண்டும்.

அதற்குத் தலைவர்கள் இருக்க வேண்டுமே? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, அடுத்த ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நடுவில் தனி அலுவலர்கள். 2025 ஜனவரியிலும் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. அலுவலர்கள் திறமைசாலிகளாகவே இருக்கட்டும். ஆனால் எல்லைக் குப்பைக்காகப் பக்கத்து ஊர்த் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுவதற்கு ஓட்டு வாங்கிய ஆளே சரி.

உங்களுக்கும் ஒரு சீட்!

"நான் ஆபீஸ் போறவன், எனக்கு எதுக்கு ஸார் இதெல்லாம்?" என்று நழுவ வேண்டாம். கிராம வாக்காளர் பட்டியலில் உங்கள் பேர் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும். நாலுமே அரசு விடுமுறை. லீவ் லெட்டர் எழுத வேண்டியதில்லை! 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாட்களும் சேர்ந்துகொண்டன. கோரம் வேறு உண்டு. மக்கள்தொகை ஐந்நூறு வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

வழக்கமாக அங்கே "எங்க தெருவுக்கு லைட் எப்போ?" என்று கேட்பார்கள். தாராளமாகக் கேளுங்கள். கூடவே இன்னொரு கேள்வி: "எல்லையில இருக்கிற குப்பைக்கும் ஓடைக்கும் பக்கத்து பஞ்சாயத்தோட பேசினீங்களா? என்ன முடிவாச்சு?" பேசவில்லை என்றால், பேச வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரிக்கு அடுத்த கூட்டத்தில் பதில் கேட்கலாம்.

அதே தீர்மானத்தைப் பக்கத்து ஊர் நண்பன் ஒருவன் அவன் ஊரிலும் போட வைத்துவிட்டால்... அப்புறம் அந்த ரோடு எல்லைக் கல்லைப் பார்த்து எதற்கு நிற்கப் போகிறது?