கண்ணில் படாத நான்கு எண்ணெய்கள்: நம் ஜீப்பை நாமே பராமரிப்போம்



சென்ற ஆண்டு ஆடி மாத மழையில் ஓர் இரவு, பந்தலூர் பக்கத்து எஸ்டேட் பாடி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பிரசவ வலி கண்ட சகோதரி ஒருவரைக் கூடலூர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் ஏற முடியாத மண் சாலை. நம் அறக்கட்டளையின் ஜீப் போய் அவரை ஏற்றிக்கொண்டது. பாதி வழியில் பின்பக்கத்தில் உறுமல் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் வண்டி நின்றேவிட்டது. தேயிலை ஏற்றும் வேறொரு ஜீப் வந்து அவரை அழைத்துச் சென்றது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம். ஆனால் அந்த ஜீப் வராமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றும் மனம் நடுங்குகிறது.

மெக்கானிக் பின் ஹவுசிங்கைத் திறந்தபோது வெளியே வந்தது எண்ணெய் அல்ல. பால் ஊற்றிய தேநீர் போன்ற ஒரு குழம்பு. ஓடைகளைக் கடந்தபோது உள்ளே புகுந்த தண்ணீர் எண்ணெயுடன் கலந்து பேரிங்கையும் கிரவுன் பற்களையும் தின்றிருந்தது. பழைய வண்டியாக வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றினோம். மற்ற இடங்களை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. இது யார் மீதும் போடக்கூடிய பழி அல்ல, நம் கவனக்குறைவு. நோயாளிகளுக்குப் போயிருக்க வேண்டிய சதகா பணம் உதிரி பாகத்துக்குப் போயிற்று.

அதன் பிறகு நம் இளைஞர்கள் சிலர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். நம் பகுதியில் ஜீப் ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்கள் பலர் இருப்பதால், அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

நான்கு இடங்கள்

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் இன்ஜின் ஆயிலைத் தவிர நான்கு இடங்களில் எண்ணெய் இருக்கிறது: கியர்பாக்ஸ், அதன் பின்னால் உள்ள டிரான்ஸ்பர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங். ஹவுசிங்கில் ஊற்றுவதைத்தான் லாரிக்காரர்கள் கிரவுன் ஆயில் என்பார்கள். பழைய வண்டி வாங்கியவுடன், விற்றவர் என்ன சொன்னாலும், இந்த நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுத் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்கு தொடங்குகிறது.

எந்த எண்ணெய்?

வண்டியின் கையேட்டில் உள்ளதே சட்டம். கையேடு இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் மாடல், ஆண்டு சொல்லிக் கேளுங்கள். டப்பாவில் 80டபிள்யூ-90 என்று இருப்பது எண்ணெயின் கெட்டித்தன்மை. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இருப்பது தரவகை. இரண்டும் ஒன்றல்ல. ஹவுசிங்கில் கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று வழுக்கி உரசுவதால் பெரும் அழுத்தம் தாங்கும் ஜிஎல்-5 கேட்பார்கள். ஆனால் பல பழைய கியர்பாக்ஸ்களில் பித்தளை வளையங்கள் உள்ளன. சில ஜிஎல்-5 எண்ணெய்களில் உள்ள சேர்மானம் பித்தளையை அரிக்கும். ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே டப்பா என்று ஊற்றிவிடாதீர்கள்.

மாற்றும் முறை

முதலில் பாதுகாப்பு. ஜீப் உயரமான வண்டி. பெரும்பாலும் தூக்காமலேயே அடியில் படுத்து வேலை செய்யலாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களின் இரு பக்கமும் கட்டை கொடுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியையும் அடுக்கிய கற்களையும் நம்பி அடியில் போகாதீர்கள். சில பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மில் இருக்கிறது. அத்தகைய வண்டியில் ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினாலே கைப்பிரேக்கின் பிடிப்பு போய்விடும்.

சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள். சூடேறிய எண்ணெய் இளகி, அடியில் தங்கிய தூளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கை சுடும் அளவுக்குச் சூடு வேண்டாம்.

அடுத்தது மிக முக்கியமானது: ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள், வடிக்கும் பிளக்கைப் பிறகு தொடுங்கள். பழைய வண்டியில் மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். எண்ணெயை வடித்துவிட்டு, மேல் பிளக் வரவில்லை என்றால், காலி வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் துடைத்த பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் அந்த மண் நேராக உள்ளே போகும்.

எண்ணெய் முழுவதும் வடிந்ததும் கீழ் பிளக்கைத் துடைத்து, புது வாஷர் போட்டு மூடுங்கள். மேல் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் வந்து, வழியத் தொடங்கினால் போதும். விரலை உள்ளே மடக்கிப் பார்த்தால் தெரியும். அதற்கு மேல் திணித்தால் ஆயில் சீல் வழியாகக் கசிந்து பிரேக் வரை போகக்கூடும்.

பழைய எண்ணெய் சொல்லும் சேதி

வடித்த எண்ணெயை உடனே அப்புறப்படுத்தாமல் வெளிச்சத்தில் பாருங்கள். பிளக்கின் காந்தத்தில் மை போன்ற மெல்லிய தூள் இருந்தால் இயல்பான தேய்மானம். கையில் குத்தும் துண்டுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரான்ஸ்பர் கேஸில் அளவு கூடி, கியர்பாக்ஸில் குறைந்திருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்திருக்கலாம்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? ஹவுசிங்கின் மேல் காற்று போய்வர ஒரு சிறு பிரீதர் உண்டு. அது சேற்றால் அடைபட்டிருக்கும்போது, சூடான ஹவுசிங் குளிர்ந்த ஓடையில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நம் ஜீப்பில் நடந்தது இதுதான். பிரீதரைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீரைக் கடந்திருந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் எண்ணெயைச் சோதியுங்கள்.

படுத்த நிலையிலேயே ஜாயின்ட் ஷாப்ட்டின் கிராஸ்களுக்கும் கிரீஸ் அடித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை மண் சாலையில் சிறிது தூரம் நான்கு சக்கர இழுவையில் ஓட்டினால், லீவர் இறுகாது. முன் பக்கத்திலும் எண்ணெய் பரவும். காய்ந்த தார்ச் சாலையில் அப்படி ஓட்டாதீர்கள். வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் சுற்றுவதால், பற்கள் முறுக்கேறித் தேயும்.

கழிவு எண்ணெய்

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இதுவும் அடங்கும். நம் ஓடையில் விடுவது கீழே இருப்பவர் குடிநீரில் போய்ச் சேரும். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாதிருப்பது நம் மார்க்கக் கடமை. மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். கையில் கிரீஸ் படிந்திருந்தால் தோலில் தண்ணீர் படாது. ஒளுவுக்கு முன் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஃபஜ்ருக்குப் பின் தொடங்கினால் லுஹருக்குள் முடிந்துவிடும் வேலை இது. இனி ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒருமுறை மாற்றுவதென்றும், மழை முடிந்ததும் திறந்து பார்ப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். தேதி எழுதிய நோட்டு ஜீப்பிலேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

இந்த வண்டி உங்கள் நன்கொடையால் வந்தது, எங்கள் கையில் உள்ள அமானிதம். அடுத்த முறை நள்ளிரவில் பாடியிலிருந்து அழைப்பு வரும்போது, இன்ஷா அல்லாஹ், அது பாதி வழியில் நிற்காது. அதற்காக துஆச் செய்யுங்கள். கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் ஸ்பானரோடு வாருங்கள்.

வஸ்ஸலாம்.