நீலத்திரைக்குப் பின்னால் 4 நிமிடம்

(இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மொன்றியலில் இப்போது இரவு எட்டரை. யாழ்ப்பாணத்தில் விடிந்துகொண்டிருக்கும். சிங்கப்பூர் நண்பர்கள் காலைச் சாப்பாட்டோடு இருப்பீர்கள்.

இலக்கியக் கூட்டத்தில் கணினிக் கட்டளை பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஒரு கசெற்றால் வந்த வினை அது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் ஒரு தம்பி போன குளிர்காலத்தில் பழைய விஎச்எஸ் கசெற் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணை, அப்பா ஒரு புத்தக வெளியீட்டில் பேசினவர். இதுக்குள்ள இருக்குதெண்டு அம்மா சொல்லுறா. ஆனா நாங்கள் பாத்தா பிறந்தநாள் விழாதான் ஓடுது" என்றார். தகப்பனார் காலமாகி இரண்டு வருடம். அவர் பேசிய வேறு பதிவு எதுவும் அவர்களிடம் இல்லை.

கசெற்றைக் கணினிக் கோப்பாக மாற்றினேன். 2 மணி நேரம். வட அமெரிக்க முறையில் நொடிக்கு 29.97 படங்கள். மொத்தம் 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேல். வேகமாக ஓட்டிப் பார்த்தேன். பிறந்தநாள் முடிந்ததும் வெறும் நீலத்திரை வந்தது. நானும் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பிறகுதான் எஃப்எஃப்எம்பெக் நினைவுக்கு வந்தது. 2000இல் ஃபப்ரிஸ் பெலார் தொடங்கிய இலவச மென்பொருள் அது. பொத்தான்கள் கிடையாது, கட்டளையை எழுத்தாகத் தட்ட வேண்டும். காட்சி மாறும் இடங்களில் மட்டும் ஒவ்வொரு படம் எடுத்துத் தா என்று ஒரே வரியில் கேட்கலாம்.

அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, வித்தியாசத்தின் சராசரியை எடுக்கிறது. அந்தச் சராசரி போன தடவையைவிட எவ்வளவு மாறியது என்றும் பார்க்கிறது. இந்த இரண்டில் எது சிறியதோ அதுவே மதிப்பெண். 0 முதல் 1 வரை போகும். நாம் சொல்லும் எல்லையை மதிப்பெண் தாண்டினால் 'இங்கே மாற்றம்' என்று குறித்துக்கொள்ளும்.

சிறியதை எடுப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. கமராவை மண்டபம் முழுக்கச் சுழற்றினால் ஒவ்வொரு படமும் முந்தையதிலிருந்து வேறுபடும். ஆனால் அந்த வேறுபாடு சீராக இருக்கும், திடீரென்று எகிறாது. அதனால் கருவி ஏமாறாது. அதே காரணத்தால் ஒரு குறையும் உண்டு. நம் கல்யாண வீடியோக்களில் ஒரு படம் மெல்லக் கரைந்து இன்னொன்று வருமே, அதை இது தவறவிடும். புகைப்படக்காரரின் ஃபிளாஷ் வெளிச்சத்தையோ புதுக் காட்சி என்று எண்ணிவிடும்.

எல்லையை 0.3க்கும் 0.5க்கும் இடையில் வைப்பது வழக்கம். 0.4 வைத்தேன். 9 இடங்கள் வந்தன, எல்லாம் பிறந்தநாள். 0.1க்கு இறக்கினேன். 140க்கு மேல் வந்தன. பெரும்பாலும் ஃபிளாஷ், பலூன், கேக்கின் முன்னால் கடந்துபோன பிள்ளைகள். ஆனால் கடைசிப் படத்தில் மங்கலான ஒரு மண்டபம், ஒலிவாங்கி, கண்ணாடி போட்ட ஒருவர்.

பிறந்தநாளை மேலே பதிந்தவர்கள் கருவியை நிறுத்த மறந்திருக்கிறார்கள். 11 நிமிடம் வெறும் நீலம் பதிந்திருந்தது. அதற்குப் பிறகு அழியாமல் எஞ்சியிருந்தது பழைய பதிவின் கடைசி 4 நிமிடம். யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த தன் புத்தகங்களைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதில் நான் கற்றது: தேடும்போது எல்லையைத் தாழ்த்தி வையுங்கள். வீணாக வந்த நூறு படங்களைத் தள்ள எனக்குப் பத்து நிமிடம் போதும். தவறவிட்ட ஒன்றை யாரும் திரும்பத் தேடப்போவதில்லை.

நம் ஸூம் கூட்டங்களுக்கும் இது உதவும். பேசுபவர் முகம் மாறுமிடத்தைக் குறித்துத் தந்தால், உரையை எழுத்தாக்கும்போது ஒருவர் கருத்தை இன்னொருவர் பெயரில் போட்டுவிட மாட்டோம். வெள்ளைப் பின்னணியில் எழுத்து மட்டும் மாறும் பக்கங்களுக்கு எல்லையை இன்னும் தாழ்த்த வேண்டும். பைசீன்டிடெக்ட் என்ற இன்னொரு கட்டளைக் கருவி, படம் மெல்ல இருண்டு மறையும் இடங்களைத் தனியாகத் தேடித் தரும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை காண்பது படத் துண்டுகளின் மாற்றத்தைத்தான், நாம் காட்சி என்று சொல்வதை அல்ல. கூத்தில் திரை விழாமலே, ஒரு வரவுப்பாட்டோடு காட்சி மாறிவிடும். கருவிக்கு அது தெரியாது. 1956இல் மொன்றியலுக்கு இடம்பெயர்ந்த கனடியத் தேசியத் திரைப்படச் சபையில் நோர்மன் மக்லரன் என்றொரு கலைஞர் இருந்தார். 1955இல் கான் விழாவில் விருது பெற்ற அவரது 'பிளிங்கிட்டி பிளாங்க்' கறுப்புப் படச்சுருளில் நேரே கீறி எடுத்தது. இடையிடையே வெறுமையான படங்கள். கருவியிடம் கொடுத்தால் மின்னல் ஒவ்வொன்றையும் புதுக் காட்சி என்று எண்ணக்கூடும். முடிவு சொல்ல ஒரு மனிதக் கண் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இலேயே நிறுத்திவிட்டது. நாடாக்களும் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் இருக்கும் கசெற்றுகளை எறியாதீர்கள். நீலத்திரை வந்ததும் நிறுத்தியும் விடாதீர்கள்.