இரும்பும் நஞ்சும்

ஒரே கிருமியை, ஒரே வகை ஊன்சாற்றில், இரண்டு குடுவைகளில் வளர்ப்பதாகக் கொள்வோம். முதற் குடுவையிலுள்ள சாறு சில நாட்களிற் கொடிய நஞ்சாகின்றது. மற்றதிலோ, கிருமி செழித்துப் பெருகியும் நஞ்சு ஏறக்குறைய இல்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாதது: இரண்டாம் குடுவையில் இரும்புச்சத்துச் சிறிதளவு கூடியிருந்தது, அவ்வளவே. உணவின் ஒரு கூறு மிகுவதும் குறைவதும் ஒரு கிருமியின் இயல்பையே மாற்றவல்லன என்னும் இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுக் கூறப்படும் கிருமி தொண்டைக்கரப்பனை உண்டாக்கும் பற்றீரியம். டிப்தீரியா என மேனாட்டார் வழங்கும் இந்நோய் முற்காலத்திற் குழந்தைகளைப் பெருவாரியாகக் கொன்றது. தொண்டையிற் சாம்பல் நிறமான படலம் படர்ந்து மூச்சை அடைக்கும். அதற்குத் தப்பினோருள்ளும் சிலர் இருதயம் பழுதுற்று இறந்தனர். இக்கிருமியை 1883ஆம் ஆண்டிற் கிளெப்ஸ் என்பார் கண்டார். 1884இல் லோபிளர் அதனைத் தனியே பிரித்து வளர்த்தார். கிருமி புகுந்த இடத்திலேயே தங்கியிருக்க, அது சென்று சேராத உறுப்புகளும் பழுதுற்றிருந்தமையை லோபிளர் நோக்கினார். ஆகவே அது தான் இருக்குமிடத்திலிருந்தே நஞ்சைச் செலுத்துகின்றது என ஊகித்தார். 1888இற் பாரிசிலுள்ள பாஸ்ரர் நிலையத்தைச் சேர்ந்த ரூ, யெர்சின் என்னும் இருவர் அவ்வூகத்தை மெய்ப்பித்தனர். கிருமிகளை முற்றாக வடித்து நீக்கிய பின்னரும் அச்சாறு விலங்குகளைக் கொன்றது. அந்நஞ்சு உயிரணுக்கள் புரதம் ஆக்குவதைத் தடுப்பது எனப் பின்னர் அறியப்பட்டது. அதன் ஒரு மூலக்கூறு உட்புகுந்தாலும் ஓர் உயிரணு மடிந்துபோகும்.

இத்துணைக் கொடிய நஞ்சைக் கிருமி எப்பொழுதும் சுரப்பதில்லை. 1936இல் அமெரிக்க ஆய்வாளராகிய பாப்பன்ஹைமரும் ஜோன்சனும் இதற்குரிய காரணத்தை வெளியிட்டனர். வளர்க்கும் சாற்றில் இரும்பு மிக அருகியிருக்கும்போதே நஞ்சு பெருகுகின்றது. ஒரு மில்லிலீற்றர் சாற்றில் ஒரு மைக்கிரோகிராமுக்கும் குறைந்த அளவு இரும்பே நஞ்சுச் சுரப்பை அடக்கப் போதுமானது. ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

இரும்பின் அளவை ஒரு கிருமி யாங்ஙனம் அறிகின்றது? கிருமியினுள்ளே ஒரு காவற்புரதம் உண்டு. இரும்பு நிறைந்திருக்கையில் அது இரும்போடு இணைந்து உருவம் திருந்தி, நஞ்சுக்குரிய மரபணுவின் வாயிலிற் சென்று பற்றிக்கொள்ளும். வாயில் அடைபடவே நஞ்சு ஆக்கப்படுவதில்லை. இரும்பு குறைந்தால் இணைப்பு நீங்குகின்றது; காவலும் வாயிலை விட்டு அகல்கின்றது; நஞ்சு பெருகுகின்றது. இக்காவற்புரதத்துக்குரிய மரபணுவை 1990ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் பிரித்தெடுத்தனர்.

இதில் வியப்புக்குரிய செய்தி இன்னொன்றும் உண்டு. நஞ்சுக்குரிய மரபணு கிருமியின் சொந்தப் பொருளன்று. பற்றீரியங்களைத் தாக்கும் ஒரு வகை வைரசு கொணர்ந்து சேர்த்தது அது. நஞ்சில்லாத கிருமிகளும் அவ்வைரசு புகுந்தபின் நஞ்சு சுரப்பனவாக மாறுவதை 1951இற் பிறீமன் என்பார் காட்டினார். காவற்புரதமோ கிருமிக்கே உரியது. விருந்தினன் கொண்டுவந்த பெட்டியின் திறவுகோலை வீட்டுக்காரன் வைத்திருப்பது போன்றது இவ்வேற்பாடு.

இனி, இரும்பு குறையும்போது நஞ்சு சுரப்பதாற் கிருமிக்கு ஆவது யாது? விடை நம் உடலில் இருக்கின்றது. வளர்ந்த ஒருவரின் உடலிலே மூன்று நான்கு கிராம் இரும்பு உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி செங்குருதிக் கலங்களுள் அடங்கியிருப்பது. குருதிநீரிலுள்ள இரும்பைத் திரான்சுபெரின் என்னும் புரதம் இறுகப் பற்றி வைத்திருக்கின்றது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் இலற்றோபெரின் என்னும் புரதம் அத்தொழிலைச் செய்கின்றது. ஆகவே, உடலினுட் புகுந்த கிருமி எளிதில் எடுத்துக்கொள்ளத்தக்க இரும்பைக் காண்பதரிது. செல்வமெல்லாம் பூட்டிவைக்கப்பட்ட வீட்டினுள் நுழைந்தவனின் நிலை அதற்கு நேர்கின்றது. இவ்வறுமையே, "நீ இப்பொழுது ஓர் உடலினுள் இருக்கின்றாய்" என்று கிருமிக்கு அறிவிக்கும் குறியாகின்றது. காவற்புரதம் விலகியதும் நஞ்சு மட்டுமன்றி, இரும்பைக் கவர்வதற்குரிய கருவிகளும் ஆக்கப்படுகின்றன. நஞ்சினால் மடியும் உயிரணுக்களிலிருந்து வெளிப்படும் சத்துகள் கிருமிக்கு உணவாகும் எனவும் அறிஞர் கருதுவர்.

அங்ஙனமாயின் உடல் இரும்பை ஒளித்து வைப்பது தவறோ என வினவலாம். அன்று. இரும்பின்றிப் பெருக இயலாத கிருமிகள் பல. அவற்றுக்கு இரும்பை மறுப்பது உடலின் பழைய தற்காப்புகளுள் ஒன்றாகும். இதற்கு வேறொரு கிருமியின் வரலாறு சான்று பகரும். மேலே கூறிய யெர்சின் என்பவரே 1894இல் ஹொங்கொங்கிற் கொள்ளைநோய்க் கிருமியையும் கண்டறிந்தவர். அக்கிருமியின் ஒரு வகை, இரும்பைக் கவரும் ஆற்றலை இழந்து வலி குன்றியதாதலின், ஆய்வுகூடங்களிற் கையாளத்தக்கதெனக் கொள்ளப்பட்டிருந்தது. 2009இற் சிக்காகோ நகரில் அவ்வகையைக் கையாண்ட ஆய்வாளர் ஒருவர் அதே கிருமியினால் இறந்தார். அவர் உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரை நோய் இருந்தமை இறந்தபின்னரே தெரியவந்தது. கிருமி இழந்திருந்த ஆற்றலின் குறையை அவ்வுடலில் மிகுந்திருந்த இரும்பு நிரப்பியிருத்தல் கூடும் என ஆராய்ந்தோர் கருதினர்.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே நோக்குவோர், இரும்பு நன்றென்றோ தீதென்றோ ஒரு சொல்லில் முடிவு கூறார். குருதிச்சோகையால் வாடுவோர் இதைக் கேட்டு மருத்துவர் அளித்த இரும்புச்சத்து மாத்திரையைக் கைவிடுவது பெரும் பிழையாகும். குருதி ஊறுவதற்கு இரும்பு இன்றியமையாதது. எவர்க்கு, எப்பொழுது, எவ்வளவு என்பதை மருத்துவரே அறிந்துரைப்பர்.

கிருமியின் இவ்வியல்பை அறிந்ததனாற் பயனும் விளைந்தது. தொண்டைக்கரப்பனுக்குத் தடுப்பூசி மருந்து செய்வோர்க்கு முதலில் வேண்டப்படுவது அந்நஞ்சே. ஆதலால் அவர் வளர்க்கும் சாற்றின் இரும்பைக் கவனமாகக் குறைத்துக் கிருமியை நஞ்சு சுரக்கச் செய்கின்றனர். பின்னர் அந்நஞ்சைப் போமலினாற் கொடுமை நீக்கித் தடுப்பு மருந்தாக்குகின்றனர். இம்முறையை 1920களிற் பிரான்சு நாட்டு இறாமோன் வகுத்தார். நம் குழந்தைகள் பெறும் கூட்டுத் தடுப்பூசியில் இம்மருந்தும் அடங்கும். அதனைப் பெற்ற உடல், கிருமி பசியால் ஏவும் நஞ்சை முறிக்கும் ஆற்றலை முன்கூட்டியே பெற்றிருக்கும். தடுப்பூசி தளர்ந்த நாடுகளில் இந்நோய் மீளவும் தலைதூக்குகின்றது. 1990களிற் சோவியத்து ஒன்றியம் சிதைந்தபின் அங்குப் பரவிய பெருநோய் இதற்கு அழியாச் சான்று.

பசி வந்தால் மனிதரின் குணம் மாறும் என்பர் நம் முன்னோர். கண்ணுக்குத் தெரியாத உயிரிடத்தும் அவ்வியல்பு உண்டு. கிருமியைக் கொல்வது மட்டும் மருத்துவமன்று. அது எந்நிலையிற் கொடியதாகின்றது என்பதை அறிவதும் மருத்துவமே. இவ்வறிவை மேலும் வளர்க்கும் கடமை இன்று விஞ்ஞானக் கூடங்களிற் பயிலும் நம் மாணவரைச் சார்ந்ததாகும்.