சுவரில் தொங்கும் பூகோளம்

ஒரு தேசத்தின் மண்ணை மிதிப்பதற்கும், அதன் மக்களோடு ஒரு வார்த்தை பேசுவதற்கும் வெகு காலத்துக்கு முன்பே, அந்தத் தேசம் எவ்வளவு பெரியது, எதற்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது என்பதைப் பற்றியெல்லாம் நம் மனத்தில் ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டுவிடுகிறது. அதை ஏற்படுத்துவது பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் உலகப் படம். ஆசிரியர் சொன்னதைப் பிள்ளைகள் சில வேளை சந்தேகிப்பதுண்டு. புஸ்தகத்தில் கண்டதை வேறொரு புஸ்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. தேசப்படத்தைச் சந்தேகிப்பவர்கள் மிகச் சிலரே. யாரோ ஒரு மனிதர் யோசித்து, சிலவற்றைச் சேர்த்து, சிலவற்றை விட்டு வரைந்தது அது என்ற நினைவே நமக்கு எழுவதில்லை.

எந்தக் காகிதப் படமும் பூமியை உள்ளபடி காட்ட இயலாது. ரப்பர்ப் பந்து ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மேஜைமேல் வைத்து அழுத்தினால், விளிம்பு கிழிந்தாலன்றி, அல்லது ரப்பர் இழுபட்டாலன்றி, அது தட்டையாகாது. உருண்டைப் பரப்பைத் தட்டைப் பரப்பாக மாற்றும்போது தூரங்கள் அனைத்தையும் உள்ளபடி காப்பாற்ற வழியே கிடையாது என்பது, ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் செய்த நிரூபணத்திலிருந்து ஐயத்துக்கு இடமின்றிப் பெறப்படுகிறது. ஆகவே படம் வரைகிறவர் வடிவத்தைக் காப்பாற்றுவதா, விஸ்தீரணத்தைக் காப்பாற்றுவதா, திசையையா, தூரத்தையா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு யாருடைய உபயோகத்துக்காகச் செய்யப்பட்டது என்பதே எந்தப் படத்தைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பிளாண்டர்ஸ் பிரதேசத்தில் 1512-இல் பிறந்து, மத விரோதி என்ற குற்றச்சாட்டின்பேரில் 1544-இல் சில மாதங்கள் சிறையில் வாடி, பின்னர் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் குடியேறிய ஜெரார்டஸ் மெர்க்காட்டர், 1569-இல் 18 தாள்களில் ஓர் உலகப் படத்தை அச்சிட்டார். கப்பலோட்டிகளின் உபயோகத்துக்கு என்று தலைப்பிலேயே அவர் சொல்லியிருந்தார். நாலாபுறமும் நீரன்றி வேறொன்றும் காணாத சமுத்திரத்தில் திசைகாட்டியை நம்பிச் செல்லும் மாலுமிக்கு வேண்டியதெல்லாம், புறப்படும் துறையையும் சேரும் துறையையும் படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோடு வடதிசையோடு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ அதே கோணத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துச் சென்றால் கரை சேரலாம் என்ற உறுதிதான். அந்த உறுதியைத் தருவதற்காக மெர்க்காட்டர், துருவங்களில் கூட வேண்டிய தீர்க்கரேகைகளைக் கூடாமல் இணைகோடுகளாக நிறுத்தினார். அதனால் கிழக்கு மேற்காக ஏற்பட்ட இழுவைக்குச் சமமாக வடக்கு தெற்கிலும் இழுவை இருக்குமாறு, துருவங்களை நெருங்க நெருங்க அட்சரேகைகளின் இடைவெளியை அதிகப்படுத்தினார். கோணங்கள் காப்பாற்றப்பட்டன, விஸ்தீரணம் பலியாயிற்று. 60-ஆவது அட்சரேகையில் நீளம் 2 மடங்காகவும் பரப்பு 4 மடங்காகவும் பெருகுகின்றன. துருவமோ முடிவற்ற தூரத்துக்குப் போய்விடுவதால், அதை அந்தப் படத்தில் காட்டவே முடியாது. இதற்கான கணித அட்டவணைகளை எட்வர்ட் ரைட் என்ற ஆங்கிலேயர் 1599-இல் வெளியிட்டார். அதன் பிறகு மாலுமிகளுக்கு அந்தப் படம் இன்றியமையாத துணையாயிற்று.

கப்பலில் இருந்தவரையில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. கப்பலை விட்டு இறங்கி, வீட்டுக் கூடத்துக்கும் உத்தியோக சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்தபோதுதான் விபரீதம் விளைந்தது. அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஏறக்குறைய ஈடாக நிற்கிறது; உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 22 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்காவின் பரப்போ சுமார் 3 கோடி. ஏறத்தாழ 14 கிரீன்லாந்துகளை ஆப்பிரிக்காவில் அடக்கலாம். நம் தேசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய மூன்றும் சேர்ந்து இந்தியாவில் மூன்றிலொரு பங்கே இருந்தும், மெர்க்காட்டர் படத்தில் அவை இந்தியாவைவிடப் பெரிய நிலப்பரப்பாக விரிந்து கிடக்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நாடுகள் தம் அளவிலேயே நிற்க, குளிர்ப் பிரதேசத்து நாடுகள் மட்டும் வீங்கித் தெரிகின்றன. இதை மெர்க்காட்டர் ஐரோப்பாவின் பெருமைக்காகத் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்வது பெரும் அநியாயம். அவர் கணக்கு அப்படித்தான் வரும். ஆயினும் ஐரோப்பிய அரசுகள் உலகத்தின் பெரும் பகுதியை ஆண்ட காலத்தில், ஆள்பவர்களைப் பெரியவர்களாகவும் ஆளப்படுபவர்களைச் சிறியவர்களாகவும் காட்டிய ஒரு படத்தை மாற்ற வேண்டும் என்ற அவசரம் ஆண்டவர்களுக்கு ஏற்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அந்த அவசரத்தை உண்டாக்கியவர் ஆர்னோ பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியச் சரித்திராசிரியர். விஸ்தீரணத்தை உள்ளபடி காட்டும் படம் ஒன்றை அவர் 1973-இல் உலகத்தின்முன் வைத்தார். பூகோள சாஸ்திரிகள் சினந்தனர். அதே முறையை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855-இலேயே சொல்லிவிட்டார் என்றும், பீட்டர்ஸ் படத்தில் ஆப்பிரிக்கா நெடுகிலும் இழுத்துவிடப்பட்டு உருக்குலைந்து கிடக்கிறது என்றும் குறை கூறினர். இரண்டும் உண்மையே. ஆனாலும் சாதாரண மக்கள் தேசப்படத்தைப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்கத் தொடங்கியதில் அவருக்குரிய பங்கை மறுப்பது தர்மமாகாது.

அளவில் மட்டுமன்றி, எது மேலே, எது நடுவே என்பதிலும் மனித சங்கற்பமே செயற்படுகிறது. சிசிலி மன்னர் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அரபுப் பேரறிஞர் 1154-இல் முடித்த படத்தில் தெற்கு மேலே இருக்கிறது. இங்கிலாந்தின் ஹெரிபோர்டு தேவாலயத்தில் உள்ள, 1300-ஐ ஒட்டி வரையப்பெற்ற படத்திலோ கிழக்கு மேலே, ஜெருசலேம் நடுவே.

இவற்றைவிட என்னைக் கவலையுறச் செய்வது, ஒருமுறை மையில் ஏறிய தவறு எத்தனை காலம் உயிர் வாழ்கிறது என்பதுதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி, கொற்கையையும் காவிரித் துறையையும் குறிப்பிடும் அளவுக்கு நம் கடற்கரையைப் பற்றிக் கேட்டறிந்திருந்தார். ஆயினும் தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தட்டையாக நசுக்கி, இலங்கையைப் பன்மடங்கு பெருக்கிவிட்டார். அவருடைய நூலை வைத்து 15-ஆம் நூற்றாண்டில் அச்சான படங்களிலும் அந்தப் பூதாகாரமான இலங்கைதான் மிதக்கிறது. வங்காளத்தை அளந்து புகழ் பெற்ற ஜேம்ஸ் ரென்னல், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 1798-இல் வரைந்த படத்தில், நைஜர் நதி தெற்கே கடலுக்குப் போகாமல் கிழக்கே திரும்பியிருப்பதற்கு ஒரு தடை இருந்தாக வேண்டும் என்ற ஊகத்துக்கு வலுச் சேர்த்து, காங் மலைகள் என்று ஒரு நீண்ட மலைத்தொடரைத் தீட்டினார். மற்றவர்கள் அதைப் பார்த்து வரைந்தார்கள். அவர்களைப் பார்த்து வேறு பலர். பிரெஞ்சு அதிகாரியான பிஞ்ஜே 1887 முதல் 1889 வரை அந்தப் பிரதேசத்தை நடந்து கடந்து, அங்கே அப்படியொரு மலைத்தொடரே இல்லை என்று அறிவித்தார். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள், ஆப்பிரிக்காவையே பார்த்திராத மாணவர்கள் அந்த மலைகளின் பெயரைப் படத்தில் கண்டு வந்திருக்கிறார்கள்.

இன்று கைப்பேசியில் நாம் தெருவைத் தேடும் படங்கள் பெரும்பாலும் மெர்க்காட்டர் முறையைத் தழுவியவையே. தெருமுனையின் கோணம் சரியாக வர அதுவே வசதி. உலகம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுவதற்கு, விஸ்தீரணமும் கெடாமல் வடிவமும் அதிகம் குலையாத புதிய படம் ஒன்று 2018-இல் வெளியாகியிருக்கிறது. பள்ளிகளும் அரசாங்கங்களும் மெர்க்காட்டர் படத்தை விட்டு அந்தப் படத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்ற இயக்கத்துக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் 2025 ஆகஸ்டில் ஆதரவு தெரிவித்தது. அந்தக் கோரிக்கை நியாயமானது; நம் பள்ளிச் சுவர்களுக்கும் பொருந்துவது. கடலோடிகளின் படத்தை மாற்றும்படி எவரும் கேட்கவில்லை.