திருநெல்வேலிப் பாளையங்களின் தன்னாட்சிச் சிக்கல்

திருநெல்வேலிப் பாளையங்களின் தன்னாட்சிச் சிக்கல் என்பது 18ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர்கள் தனி ஆட்சியாளர்களா, அல்லது ஆற்காடு நவாபுக்கும் பின்னர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கட்டுப்பட்ட வரிதாரர்களா என்பது குறித்து எழுந்த விவாதத்தைக் குறிக்கும். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், கயத்தாறு ஆகிய கரிசல் மண் பகுதிகள் இச்சிக்கலின் முக்கிய களங்களாக இருந்தன.

பாளைய முறை

மதுரை நாயக்கர் ஆட்சியை நிறுவிய விசுவநாத நாயக்கர், தம் தளவாய் அரியநாத முதலியாரின் துணையுடன் 16ஆம் நூற்றாண்டில் பாளைய முறையை ஏற்படுத்தினார். நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது மரபு. பாளையக்காரர் வரி தண்டினார், காவல் புரிந்தார், வழக்குகளைத் தீர்த்தார், அரசருக்குத் தேவையானபோது படை அனுப்பினார். தமக்கெனக் கோட்டையும் ஆயுதமேந்திய வீரர்களும் வைத்திருந்தார். ஆகவே பெயரளவில் கீழ்ப்பட்டவராக இருந்தாலும், நடைமுறையில் தம் எல்லைக்குள் அவரே அரசராக விளங்கினார்.

1736இல் நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. பாளையக்காரர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற வினா அப்போதுதான் எழுந்தது.

வல்லரசுகளின் போட்டி

பாளையங்களின் மீது பல ஆற்றல்களின் கண் இருந்தது. முகலாயப் பேரரசின் பெயரால் ஆற்காடு நவாபு உரிமை கோரினார். நவாபு முகம்மது அலி கம்பெனியிடம் பெருங்கடன் பட்டிருந்தார். எனவே 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படையே திருநெல்வேலிக்கு வரி தண்ட வந்தது. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் அதனை எதிர்த்தார். மேற்குப் பாளையங்கள் பல அவருடன் இணைந்து நின்றன.

தூத்துக்குடியில் டச்சுக்காரர்களும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் இருந்தனர். 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கைப்பற்றியபோது, கொழும்பு டச்சு அரசுக்கும் அப்பாளையத்திற்கும் இடையில் ஏற்பட்ட உடன்படிக்கையின் மூலத்தை அங்குக் கண்டெடுத்தார். கம்பெனிக்கு மாற்றான ஒரு துணையைப் பாளையம் தேடியது என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வாய்ப்புகள் விரைவில் அடைபட்டன. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமானது. பிரெஞ்சு உதவியை நாடிய மைசூர் மன்னர் திப்பு சுல்தான் 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அதன் பின் பாளையங்களின் மேல் முழுக் கவனத்தையும் செலுத்தக் கம்பெனியால் முடிந்தது.

இருதரப்பு வாதங்கள்

1792ஆம் ஆண்டு உடன்படிக்கை பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமையைக் கம்பெனிக்கு அளித்தது. நவாபின் மேலாண்மை பெயரளவில் மட்டும் தொடர்ந்தது. இதனை அடிப்படையாகக் கொண்டு, பாளையக்காரர்கள் நவாபின் குடிகளே என்றும், கப்பம் நிலுவை வைப்பதும் ஆயுதம் ஏந்துவதும் கலகமே என்றும் கம்பெனி வாதிட்டது.

பாளையக்காரர் தரப்பின் நிலை வேறு. பாளையம் படைத்தொண்டுக்காக நாயக்க மன்னர்களிடம் பெற்று, பல தலைமுறைகளாக ஆண்டுவந்த உரிமை. நவாபும் கம்பெனியும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாளையக்காரர் கையொப்பம் இடவில்லை. மேலும், மழையை நம்பிய மானாவாரிக் கரிசல் நிலத்தில் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். ஆனால் கம்பெனி கேட்ட கப்பமோ தவணை தவறாமல் செலுத்த வேண்டியதாக இருந்தது.

எல்லாப் பாளையங்களும் ஒரே முடிவை எடுக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சியுடன் எல்லைத் தகராறு கொண்டிருந்த அண்டைப் பாளையமான எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது.

மோதலும் முடிவும்

1798 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன், கலெக்டர் ஜாக்சனை இராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்குக் கைகலப்பு மூண்டு, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். இதனை விசாரித்த குழு ஜாக்சனின் நடத்தையையே குறைகூறியது; அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

எனினும் இணக்கம் நீடிக்கவில்லை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். புதுக்கோட்டைத் தொண்டைமானால் பிடித்துக் கொடுக்கப்பட்ட கட்டபொம்மன், பிற பாளையக்காரர்கள் முன்னிலையில் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. பாஞ்சாலங்குறிச்சியுடன் நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிமுதல் செய்யப்பட்டன.

1801 பெப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட மண்கோட்டையைக் குறுகிய காலத்தில் மீண்டும் எழுப்பினார். மார்ச் மாத முற்றுகையில் கம்பெனிப் படை பெரும் இழப்புடன் பின்வாங்கியது. மே 24 அன்று கர்னல் அக்னியூ கோட்டையைக் கைப்பற்றினார். தப்பிய ஊமைத்துரை சிவகங்கை மருது சகோதரர்களுடன் இணைந்தார். அவ்வாண்டு இறுதிக்குள் மூவரும் தூக்கிலிடப்பட்டனர்.

1801 சூலை 31 உடன்படிக்கையால் கருநாடகப் பகுதி முழுவதும் கம்பெனியிடம் வந்தது. 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாக மாற்றப்பட்டன. காவலும் படையும் நீதியும் இழந்து, நிலவரி தண்டும் உரிமை மட்டுமே ஜமீன்தாருக்கு மிஞ்சியது. கம்பெனியின் நண்பரான எட்டயபுரத்தின் நிலையும் இதுவே. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் இவையும் மறைந்தன.

பிற்கால மதிப்பீடு

வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன், 1800–1801 எழுச்சியை முதல் விடுதலைப் போர் என மதிப்பிட்டார். ம. பொ. சிவஞானம் கட்டபொம்மனை விடுதலை வீரராக எழுதினார். தமிழ்வாணனோ அவரைக் கொள்ளைக்காரர் என்று கூறி நூல் எழுதினார். பாளையக்காரர்கள் நாடு முழுமைக்குமான விடுதலையை எண்ணினார்களா, தம் பாளைய உரிமையை மட்டும் காக்க முனைந்தார்களா என்பதே இக்கருத்து வேறுபாட்டின் மையமாகும். 1801 சூனில் மருது சகோதரர்கள் திருச்சிராப்பள்ளியில் வெளியிட்ட அறிக்கை சாதி, சமய வேறுபாடின்றி அனைவரையும் ஐரோப்பியருக்கு எதிராகத் திரள அழைத்தது. முதல் கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. பாளையங்களிடையே நிலவிய எல்லைப் பகைகள் இரண்டாம் கருத்துக்குச் சான்றாக அமைகின்றன.

தமிழ்நாடு அரசு 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை ஒன்றை எழுப்பியது.